ஜனவரி ஒன்று, 2009

சியாத்துராவின் தண்ணீர் வரி அலுவலகத்தில்
லம்சிரா வந்ததும் முதலில் செய்வது
கணினியின் பொத்தானை அமுக்குவது.
பிறகுதான் கோட்டைக் கழற்றுவாள்.
கெண்டியில் தண்ணீர் கொதிக்க வைப்பாள்.
சன்னல் கண்ணாடியில் படிந்த மாங்கனீசுக் கருப்பை
ஈரத்துணியால் ஒரு தரம்
உலர்துணியால் ஒரு தரம் துடைப்பாள்.
அது விழிக்கப் பதினான்கு நிமிடம்.
"என் இரண்டாவது புருஷன்கூட
இதைவிடச் சீக்கிரம் எழுந்துவிடுவான்"
என்று போனில் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டாள்.

செவ்வாய்க்கிழமை, மழை.
மூடியைக் கழற்றினால் உள்ளே இன்னொரு சுரங்கம்.
மலையில் தோண்டியதில் ஒரு பங்கு
விசிறியின் இறகுகளில் கம்பளியாய் அப்பியிருந்தது.
ஊதினேன், தும்மினேன்,
வாசலுக்குத் தூக்கிப் போய் மறுபடி ஊதினேன்.
பிராசசர் மேல் பூசிய பசை
பழஞ்சுவர்ச் சுண்ணாம்பாய் உதிர்ந்தது.

அது எழும்போதே கூட எழுந்துகொள்பவை
நாற்பத்தொரு நிரல்கள்.
எப்போதோ குப்பைக்குப் போன பிரிண்டரை
தினமும் தேடிக்கொண்டிருந்தது ஒன்று.
வைரஸ் பிடிக்க வைத்த காவலர் இருவர்
ஒருவரையொருவர் திருடன் என்று
பல வருடமாய்ப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.
பழைய மேனேஜரின் சதுரங்கம்
பாதி ஆட்டத்தில் நின்றிருந்தது.
"இது வேணுமா?"
அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.
"தோற்கப்போகிறார். அழித்துவிடு."

சுழன்று சுழன்று முனகிய வட்டை எடுத்து
சுழலாத ஒன்றைப் பொருத்தினேன்,
சீட்டுக்கட்டைவிடச் சின்னது.
மூடிப்போன வங்கியிலிருந்து வந்த நினைவகச் சில்லு ஒன்று
பையில் கிடந்தது, அதையும் செருகினேன்.
"இப்போ அமுக்குங்க."

பத்தொன்பது நொடி.
கோட்டின் ஒரு கை இன்னும் அவள் தோளில்.
கெண்டி மூச்சுகூட விடவில்லை.
"அதுக்குள்ளேயா?" என்றாள்,
விருந்தாளி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது போல.

திரையின் ஓரத்தில் தேதி:
ஜனவரி ஒன்று, 2009.
இரவில் மெயின் சுவிட்சை அணைத்தால்
எல்லாம் மறந்துவிடும் அதற்கு.
உள்ளே உள்ள பட்டன் பேட்டரி செத்து நாளாயிற்று.
தினமும் காலையில் தேதியைக் கையால் திருத்துவாளாம்.

"திருத்தாவிட்டால்?"

அவள் பதில் சொல்லவில்லை.
பாக்கிப் பட்டியலைத் திறந்து காட்டினாள்.
வெள்ளைத் திரை. ஒரு பெயர் இல்லை.
பேக்கரி ஜெமால் இல்லை.
நான்காவது மாடி குலிகோ இல்லை.
கடைசிக் கெடு யாருக்கும் இன்னும் பிறக்கவில்லை.
ஊர் முழுக்க
யாரும் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை.

பிறகு தேதியைச் சரியாக அடித்தாள்.
பெயர்கள் மேலிருந்து கீழே கொட்டின,
முன்பெல்லாம் சொட்டுச் சொட்டாய் வருமாம்,
இப்போது குழாய் உடைந்தது போல.
இருநூற்றுப் பதினேழாவது வரியில் நான்:
நான்கு மாதம், எண்பத்தாறு லரி.
இருவரும் அதைப் பார்த்தோம்.
இருவரும் மழையைப் பார்த்தோம்.

"பேட்டரி இரண்டு லரிதான்," என்றேன்,
உள்ளங்கையில் வைத்துக் காட்டி.
"ஒரு நிமிட வேலை."

கெண்டி அப்போதுதான் சீறத் தொடங்கியது.
"பில்லில் எழுது," என்றாள்.
"போட வேண்டாம்."
என் கூலியில் எண்பத்தாறைக் கழித்து
மீதியை எண்ணிக் கொடுத்தாள்,
ரசீதும் கொடுத்தாள், முத்திரை குத்தி.
அந்த விஷயத்தில் கறார்.

மாலையில் மினி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது
கையில் வந்த சில்லறையை அப்படியே நீட்டினேன்.
டிரைவர் ஒன்றை மட்டும் தனியே எடுத்து
விளக்குக்குக் கீழே திருப்பிப் பார்த்தார்.
"இது எந்த ஊர்க் காசு?"